ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த இரைச்சல்

கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கணினி தந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான் என்பதால் அந்த மரியாதை. அவர்களே கட்டித்தந்த வீட்டுக்குக் கதவு இன்னும் வரவில்லை, கணினி வந்துவிட்டது. பெட்டியின் பக்கத் தகட்டில் சோற்றுத் தட்டின் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதைக் கழற்றமாட்டோம் என்று ஒரு கடதாசியில் அம்மாவிடம் கைநாட்டும் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களைத் துடைக்கும் துணியாலேயே அம்மா அந்த ஸ்டிக்கரையும் துடைத்துவந்தார்.

நாட்டில் சண்டை முடிந்ததும் நிறுவனம் வன்னிக்குக் கிளம்பியது. உதவி பெற்றவர்களின் குரலைப் பதிவு செய்ய ஓர் உதவியாளர் தேவையாம். “அம்மா நன்றி சொல்றத பத்து நிமிசம் துப்புரவாப் பதிஞ்சு வைங்க. நான் வந்து கேட்டுப் பாக்கிறன். சரியெண்டா வேலை உங்களுக்குத்தான்” என்றார் நிறுவனத்தின் அதிகாரி. என் முதல் வேலை. வீட்டின் முதல் மாதச் சம்பளம்.

“பத்து நிமிசம் நன்றி சொல்ல என்ன மனே கிடக்கு?” என்றார் அம்மா. ஆனாலும் மைக்கின் முன் உட்கார்ந்தார்.

போட்டுக் கேட்டால் வறுசட்டியில் சோளம் பொரிகிற சத்தம். ‘நன்றி’ என்ற சொல் இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு ‘டிக்’. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். படித்தவன் அல்லவா, காரணத்தை மட்டும் தேடவில்லை. கடைசியில் டவுனில் கணினி வகுப்பு நடத்தும் நண்பனுக்கு ஃபோன் எடுத்தேன்.

“பஃபர எவ்வளவில வெச்சிருக்காய் மச்சான்?” என்றான். ஒலியைக் கணினி கொஞ்சம் சேர்த்துவைத்து எடுக்கும் இடம் அது.

“ஆகக் குறைவா. தாமதம் இருக்கப்படாதெண்டு.”

“விசரா! வாயில கிடக்கிற சோத்த முழுங்க விடாம அடுத்த பிடியத் திணிக்கிறாய். அது திக்காம என்ன செய்யும்? கூட்டி வை.”

கூட்டினேன். குரல் கண்ணாடிபோல் வந்தது, மூன்று நிமிடத்துக்கு. பிறகு சோளம் பொரிந்தது. வைரஸ் தடுப்பை நிறுத்தினேன், இன்னும் கூட்டினேன். எத்தனை தரம் பதிந்தாலும் நாலாம் நிமிடத்தில் ‘டிக்’. வெறுத்துப்போய்ப் பெட்டியில் கை வைத்தேன். அப்பச்சட்டிதான். சூடு தாங்காமல் கணினி மெதுவாகிறது, சத்தம் அறுகிறது. காற்றுப் போவதற்கென்று தகட்டில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அத்தனையின் மேலும் ஸ்டிக்கர்.

“தொடப்படாது” என்றார் அம்மா. “கைநாட்டு வெச்சிருக்கன்.”

“மகனுக்கு வேலை வேணுமா, உங்களுக்கு ஸ்டிக்கர் வேணுமா?”

அம்மா யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்குச் சுட்டது. பிறகு தேங்காய் எண்ணெய் பூசி அவரே உரித்தார். அது நாலு துண்டாகத்தான் வந்தது. அன்று பத்து நிமிடமும் ஒரு பொரி இல்லை.

அதிகாரி வந்து அரை நிமிடம் கேட்டார். “அருமை தம்பி” என்று கெமராவை எடுத்தவரின் முகம் மாறியது. “ஸ்டிக்கர் எங்க?”

துளை, காற்று, சூடு, பஃபர் என எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பையிலிருந்து புதுசொன்றை எடுத்து, பழைய எண்ணெய்த் தடத்தைத் துடைத்து, அதே இடத்தில் ஒட்டினார்.

“சேர், கொஞ்சம் மேல தள்ளி ஒட்டினா...”

“படத்தில இதே இடத்திலதான் இருக்கு தம்பி. சரி, இப்ப எனக்கு முன்னால ஒருக்காப் பதிஞ்சு காட்டுங்க.”

அம்மா மறுபடி நன்றி சொன்னார். நாலாம் நிமிடம் சோளம் பொரிந்தது. அதிகாரி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“தம்பிக்கு இன்னும் பயிற்சி காணாது” என்று கொப்பியில் எழுதினார். என்னைப்போன்றவர்களுக்கு ஒரு பயிலரங்கு வைக்கச் சிபாரிசு செய்வாராம்.

அவருடைய வாகனம் போன பிறகும் அம்மா மைக்கின் முன்னால்தான் இருந்தார். “மனே, அவனிட்ட வீட்டுக் கதவைப் பத்தி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே” என்றார்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ பொரியாமல் விழுந்திருந்தது.