இசக்கிசெல்வி சேர்த்த நான்கு மூலைகள்

சாலைக் கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாக மெஷின் விற்கிறேன். துளை போடுவது, அறுப்பது, தேய்ப்பது எதைக் கேட்டாலும் அழகியநம்பி அண்ணாச்சியைக் கேள் என்று முதலாளியே என் பக்கம் கைகாட்டிவிடுவார். அந்தத் தலைக்கனத்தை ஒரே மாதத்தில் இறக்கி வைத்தவள் இசக்கிசெல்வி. அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். புருஷன் செல்வகணேஷ் தம்பானூரில் பரோட்டா மாஸ்டர். ஆரியசாலையில் சாமிப்படங்களுக்குப் பிரேம் போடும் கடையில் ஆணி அடிக்கச் சேர்ந்தாள். இன்று அதே சந்தில் அவளுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. கைரம்பத்தால் நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்து அவள் சேர்க்கிற பிரேம் மூலையில் தலைமுடிகூட நுழையாது. ஆனாலும் தெருவுக்கு அவள் 'பிரேம் போடுற அக்கா'தான். மரவேலைக்காரி என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் உண்டு.

போன வருஷம் நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆர்யா என்ற பெண் கல்யாணப் போட்டோவுக்குப் பிரேம் போட வந்தாள். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, அங்கேயே பதினோராவது மாடியில் புது பிளாட். பிரேமின் நான்கு மூலைகளையும் நகத்தால் தடவிப் பார்த்தவள், "சேச்சி, எங்க ஹால், ரூம் சீலிங்குக்கெல்லாம் மரத்துல கார்னிஸ் வெக்கணும். வந்த ஆளு மூலையெல்லாம் கேப் விட்டு புட்டி அடைச்சு வெச்சாரு. நான் அதெல்லாம் பிடுங்கிக் களைஞ்சாச்சு. உங்களால முடியுமோ?" என்று கேட்டாள். விஜயதசமி சாயங்காலம் ஐந்தரைக்குப் பால் காய்ச்சு. அதற்குள் முடிய வேண்டும். நன்றாக அமைந்தால் அதே கட்டடத்தில் இன்னும் ஆறு வீடுகள் காத்திருக்கின்றன. அமையாவிட்டால், பிரேம் போடுகிறவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று ஊர் சிரிக்கும். செல்வி யோசிக்கக்கூட இல்லை, சரி என்றுவிட்டாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் என் கடைக்கு வந்துவிட்டாள். பையில் ஒரு முழத் துண்டு கார்னிஸும் ஒரு மூலைமட்டமும் இருந்தன. எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இருப்பதிலேயே பெரியதை, பன்னிரண்டு இஞ்ச் பிளேடும், முன்னும் பின்னும் ஓடும் தண்டும், சிவப்பு லேசர் கோடும் உள்ள, மரத்தைக் கோணத்தில் அறுக்கும் மைட்டர் சாவைத் தூக்கி மேஜையில் வைத்தேன். செல்வி தன் துண்டை அதன் கீழே வைத்துப் பார்த்தாள்.

"கார்னிஸ் நாலு இஞ்ச்சு அகலந்தான அண்ணாச்சி. இம்புட்டுப் பெரிசு எதுக்கு? இதத் தூக்கிக்கிட்டு நான் ஆட்டோல ஏற வேண்டாமா?"

பத்து இஞ்ச் காம்பவுண்ட் மைட்டர் சா போதும் என்று முடிவானது. கார்னிஸ் சுவருக்கும் கூரைக்கும் நடுவே சாய்ந்து நிற்கிற சட்டம். அதைப் படுக்க வைத்து அறுப்பதென்றால் மெஷினின் அடிமேஜையைத் திருப்பவும் வேண்டும், பிளேடைச் சாய்க்கவும் வேண்டும், இரண்டும் ஒரே வெட்டில். அதற்குத்தான் இந்த மெஷின். நான் மோட்டாரின் வேகத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவளோ கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, எங்காவது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பிளேடுக்கும், மரத்தை அணைத்து வைக்கும் பின்தடுப்புக்கும் நடுவே மூலைமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். நூலிழை வெளிச்சம் தெரிந்தது. வேறு பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். கூடவே வந்த இருபத்து நான்கு பல் பிளேடை ஓரமாக வைத்துவிட்டு எண்பது பல் பிளேடு கேட்டாள். பல் கூடினால் வெட்டு வாய் வழவழப்பாக வரும் என்று எனக்கே பாடம் வேறு.

அப்புறம் கேட்டாள் ஒரு கேள்வி. "அண்ணாச்சி, மேஜை அளவுல முப்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னு தனியா ஒரு கோடு போட்டிருக்கே, அது எதுக்கு?"

பதினெட்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் கோடு அது. எதற்கென்று எனக்குத் தெரியாது. "கம்பெனிக்காரன் சும்மா போட்டிருப்பான்" என்றேன். மறுநாள் காலை அவள் போன் செய்தாள். கையேட்டைப் பத்தாவது படிக்கும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். மேஜையை முப்பத்தொன்று புள்ளி ஆறு, பிளேடை முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது வைத்தால் அவளுடைய கார்னிஸ் தொண்ணூறு டிகிரி மூலையில் அப்படியே சேரும். கார்னிஸ்காரர்களுக்கென்றே போட்ட கோடு! எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் கடையில் போய் நின்றுவிட்டேன்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வளையலைக் கழற்றிவிடுவாள், முந்தானையை இழுத்துச் செருகுவாள், கண்ணாடி மாட்டுவாள். கையுறை போடவே மாட்டாள், நூல் பிளேடில் சிக்கினால் கையையே இழுத்துவிடும் என்பாள். பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் கை. சின்னத் துண்டென்றால் கிளாம்ப் போட்டு இறுக்குவாள். பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மரத்தில் இறக்குவாள். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விட்டுவிட்டு, பிளேடு மாட்டிய மெஷின் தலையைத் தூக்காமல் கீழேயே அழுத்தி நிற்பாள். பிளேடு செத்து நின்ற பிறகுதான் தூக்குவாள். "நாலு செகண்டுதான் அண்ணாச்சி" என்பாள். நாலு செகண்டு பொறுக்காத ஆட்களின் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி கடை அடைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, தூசியைத் தட்டி, பிளேடில் ஒட்டிய மரப்பிசினைத் துடைத்து, பிளேடின் மேல் தானாக இறங்க வேண்டிய மூடியை விரலால் தூக்கி விட்டுப் பார்ப்பாள். அது டப்பென்று இறங்கினால்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

இங்கே பூஜைவைப்பு என்று கருவிகளைச் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் பூஜை எடுத்த பிறகுதான் வேலை. மற்ற அறைகளை முடித்துவிட்டாள், ஹால் மட்டும் பாக்கி. மெஷினின் தலையை இறக்கிப் பூட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். புது மெஷினாயிற்றே, நான் சும்மா இருப்பேனா? சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போய் மோட்டாரில், கைப்பிடியில், மூடியின் ஓரத்தில் பொட்டுபோல் வட்டமாக இருந்த திருகில் என்று தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தேன். பார்க்க அவ்வளவு அம்சமாக இருந்தது.

விஜயதசமி காலை ஏழரைக்குப் பூஜை எடுத்தோம். ஒன்பதரைக்குக் கழக்கூட்டம் பிளாட்டின் பால்கனியில் மெஷின் இருந்தது. பூஜைச் சந்தனத்தைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் அன்றைக்கு வேலை தொடங்குமுன் மூடியை விரலால் தூக்கிப் பார்க்கவில்லை. தலையைப் பூட்டிலிருந்து விடுவித்தபோது அவள் கண் அளவுகோலில் இருந்தது, நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வெட்டு! பிளேடு சீறிக்கொண்டு இறங்கி வெண்ணெயில் இறங்குவதுபோல் அறுத்தது. சுவிட்சை விட்டாள், அழுத்தி நின்றாள், தலையைத் தூக்கினாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை. "அடேயப்பா" என்று துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். விரல் முட்டியில் சுருக்கென்றது. பிளேடின் பல் மூடாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. மூடி இறங்கவே இல்லை.

ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பிளேடு நின்றிருந்ததால் ஒரு சொட்டு. அவளுடைய அந்த நாலு செகண்டு இல்லையென்றால் விரலைத் தரையில் தேடியிருப்பேன்.

அவள் முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து மூடியின் திருகைப் பார்த்தாள். இரண்டு நாளில் சந்தனம் காய்ந்து இறுகி, தலையை இறக்கிப் பூட்டியபோது விலகிய மூடி திறந்தபடியே ஒட்டிப்போயிருந்தது. "இங்க யாரு இத அப்புனது?" என்றாள்.

"நாந்தான்" என்றேன்.

"பூஜை மெஷினுக்குத்தான அண்ணாச்சி. திருகுக்கு இல்லையே. நானும் இன்னிக்கிப் பாக்காம விட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்" என்று பழைய டூத்பிரஷ்ஷை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். ஈரத்துணியால் துடைத்து, உலர விட்டு, மூடியைப் பத்துத் தடவை தூக்கித் தூக்கி விட்டாள். பத்துத் தடவையும் டப்பென்று இறங்கியது. முக்கால் மணி நேரம் போயிற்று. விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஏணி பிடிப்பதைத் தவிர நான் வேறு எதையும் தொடவில்லை.

மூன்று மூலைகள் கச்சிதமாக அமர்ந்தன. மணி நாலரை. நான்காவது மூலை சேரவில்லை, கீழே ஒரு கீற்று இடைவெளி. கையில் மிச்சம் ஒரே ஒரு நீளச் சட்டம். வாசலில் லிப்ட் திறக்கிற சத்தம், சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் பதறிப்போய், "செல்வி, கொஞ்சம் புட்டிய வச்சித் தடவிரு, யாரு ஏணி போட்டுப் பாக்கப் போறா?" என்றேன்.

முறைத்தாள் பாருங்கள்! "அதுக்கு அந்தப் பழைய ஆளே போதுமே அண்ணாச்சி!"

கோணம் அளக்கும் கருவியை மூலையில் விரித்தாள். சுவரே தொண்ணூற்றிரண்டு டிகிரி. பில்டர் செய்த புண்ணியம். மேஜையிலும் பிளேடிலும் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவாகத் தளர்த்தி, முதலில் கழிவுத் துண்டுகளில் அறுத்துச் சேர்த்துப் பார்த்தாள். சரியில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் கடைசிச் சட்டத்தை எடுத்தாள். அறுத்துவிட்டு அதே நாலு செகண்டு அழுத்தி நின்றாள். ஐந்து பத்துக்கு ஏணியில் ஏறி அதைப் பொருத்தினாள்.

சேர்ந்தது! ஆர்யா ஏணியில் ஏறி நகத்தால் தடவினாள், இன்னொரு தடவை தடவினாள். "சேச்சி, எவிடெயா, எங்க சேருது? காணவே இல்ல!" என்று மேலிருந்தே கத்தினாள். நான் ஹால் நடுவில் நின்று கைதட்டினேன்.

பால் காய்ச்சுமுன் மரவேலை செய்த ஆசாரிக்குப் புதுக் கோடி வேட்டி கொடுப்பது இங்கே வழக்கம். ஆர்யாவின் அம்மா சிவகாமியம்மாள் தாம்பாளத்தில் இரட்டைக்கரை வேட்டியும் வெற்றிலை பாக்கும் தட்சிணையுமாக வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. நேராக என் எதிரே வந்து நின்றார்.

"இந்தாரும் ஆசாரி, வாங்கிக்கிடும்."

தலையெல்லாம் மரத்தூளோடு நின்ற நான், உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி கையை நீட்டினேன். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, நான் மெஷின் வித்தவன். அதுல கண்ட எடத்துல சந்தனத்த அப்பி வேலையக் கெடுக்கப் பாத்தவனும் நாந்தான். ஆசாரி அந்தா நிக்காங்க."

செல்வி பால்கனி ஓரத்தில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சிவகாமியம்மாள் திகைத்துப்போனார். "ஐயோ, பொம்பளைக்கு எப்படி வேட்டியக் குடுக்க? ஆர்யா, உள்ள ஒரு புடவை இருக்கும், எடு மக்களே."

செல்வி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"வேட்டியே குடுங்கம்மா. ஆசாரிக்குன்னுதான வாங்குனீங்க?"

சிவகாமியம்மாள் அண்ணாந்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இந்தாரும் ஆசாரி, வாங்கிக்கிடும்."