கவிழ்த்து வைத்த டம்ளர்

ரத்தச் சொட்டை விட்டதும் கோடக்கா வெள்ளை நிறப் பரிசோதனைக் கிட்டின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். பதினைந்து நிமிடம் யாரும் பார்க்கக் கூடாது. “இப்படி முறைச்சுப் பாத்தா வர்ற கோடும் பயந்து ஓடிரும்” என்பாள்.

வீடு வீடாகப் போய் மலேரியா பார்ப்பது அவள் வேலை. ஒரு கோடு என்றால் மலேரியா இல்லை. இரண்டு என்றால் மலேரியா, அங்கேயே மாத்திரை. “கோடு எத்தனக்கா?” என்று கேட்டுக் கேட்டே ஊர் அவள் பெயரை மாற்றிவிட்டது. கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பாள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கண் முள்ளைவிட்டு நகராது. முடிவை அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டிப் பார்ப்பவர்களுக்கு, “டாக்டரம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று ஒரு குத்தல்.

பார்த்து முடித்த கிட்டுகளில் வீட்டு எண்ணை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துப்போவாள். இன்று மதியம் டப்பாவைத் திறந்தவள் ஒரு கிட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். காலையில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வந்த தகரக் கூரை வீட்டுக் குழந்தையின் கிட்டில், பென்சிலால் போட்டு அழித்ததுபோல இன்னொரு கோடு. அரை மணிக்குப் பிறகு வரும் கோட்டை நம்பக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். காலையில் பஸ் ஹாரன் கேட்டதும், அதைத் தவறவிடக் கூடாதென்று, சொட்டு விட்ட பத்தாவது நிமிடத்திலேயே டம்ளரைத் தூக்கிவிட்டாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

“லேட்டா வந்த கோடாத்தான் இருக்கும், அதான் இருக்கும்” என்று முணுமுணுத்தபடி பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கி, அந்த வீட்டுக்கு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

குழந்தை காலையைவிடத் துவண்டு கிடந்தது.

“நீங்கதானக்கா ஒண்ணுமில்லன்னீங்க?” என்றாள் தாய்.

“சொன்னேன்மா. அவசரத்துல பாத்துட்டேன், தப்பு என்னுது. மறுபடி குத்தணும்.”

“மறுபடியுமா? அதுக்கு அழக்கூடத் தெம்பில்லக்கா.”

குத்தியபோது குழந்தை அழவேயில்லை.  கோடக்கா சொட்டு விட்டு, டம்ளரைக் கவிழ்த்தாள். ஊர்க்கதை ஒன்றும் வாயில் வரவில்லை. எட்டாவது நிமிடத்தில் கை தானாக டம்ளர் பக்கம் போயிற்று. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கடிகாரத்தைக் கழற்றித் தாயின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பெரிய முள்ளு மூணுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் கெஞ்சினாலும் தொட விடாத.”

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தாள்.

“வந்துருச்சுக்கா.”

டம்ளரை எடுத்தாள். குனிந்து பார்க்கவில்லை, கிட்டைத் தாயின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீயே பாத்துச் சொல்லும்மா.”

தாயின் விரல் ஒரு கோட்டைத் தொட்டது. கொஞ்சம் நகர்ந்து, இன்னொன்றையும்.

கோடக்கா பைக்குள் கைவிட்டுத் தேடவில்லை. டம்ளரைக் கவிழ்த்தபோதே மாத்திரை அட்டை அவளுடைய மடிக்கு வந்திருந்தது.