ஜப்பான்காரர் காலி செய்த இலை

அறுபதுகளில் நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு பொருளாதாரம் பேச ஊரில் ஓர் ஆள் கிடையாது. மாணவர்களுக்குப் பரீட்சை போதும். பக்கத்து அறைக்காரர் தபால் ஆபீஸ் உத்தியோகம். விலைவாசி என்று வாயைத் திறந்தாலே, "வெங்காயம் பத்தித்தானே சார்? காலைல பேசுவோம்" என்று கதவைச் சாத்திவிடுவார். கண்மாய்ப் பாசனம் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். போனது போனதுதான்.

கல்லூரி நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு ஜப்பான்காரர் எழுதுவார். டோக்கியோவில் பேராசிரியர். யுத்தத்தில் தோற்று ஊரே கரியாகக் கிடந்த நாளிலிருந்து எழுதுகிறவர். மந்திரிகள் வளர்ச்சி, வளர்ச்சி என்று மார்தட்டினால், கூலிக்காரன் வீட்டு அடுப்புக்கு அதில் எவ்வளவு வந்தது என்று ரேடியோவிலேயே கேட்பாராம். நானும் அப்படி ஆக ஆசைப்பட்டேன். சிரிக்காதீர்கள்.

அவர் திருச்சிக்கு வந்தவர், மதுரை போகும் முன் எங்கள் கல்லூரியில் பேசப்போகிறார் என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். யாரும் காது கொடுக்காத காலத்தில் எதை நம்பி எழுதினீர்கள்? அவர் சொல்வதைப் பொறுத்து நான் தொடர்ந்து எழுதுவேன், அல்லது பேனாவை மூடுவேன்.

அவருடைய ஆங்கிலப் பேச்சை மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். விழாத் தலைவர் ஊரில் பெரிய வியாபாரி. எல்லோரையும் மைக்கில் அறிமுகம் செய்தவர் என்னை மட்டும் விட்டுவிட்டார். கூட்டம் முடிந்து சாப்பாடு, பிறகு கார். சாப்பாட்டுக்கும் காருக்கும் நடுவில் அரைமணி இருந்தது. அதில் கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ஜப்பான்காரர் ஒரு பருக்கை விடாமல் இலையைக் காலி செய்தார். அவர்கள் ஊரில் அது மரியாதை. எங்கள் ஊரில் காலி இலை என்றால் இன்னும் பசி என்று அர்த்தம்.

"சார் எலையில ஒண்ணுமே இல்ல! இங்கிட்டு சோத்தைக் கொண்டாங்கப்பா!" என்றார் தலைவர்.

மறுபடி சோறு. மறுபடி காலி. மறுபடி சோறு. பின்னால் நின்று இது ரசம், இது மோர்க்குழம்பு என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இலையை மூடிவிடுங்கள்" என்று குனிந்து சொன்னேன். "மீதம் வைத்தா? அது மரியாதையா?" என்றார் அவர்.

"என்ன சார் சொல்றீங்க அவருகிட்ட?" என்றார் தலைவர்.

"போதுங்கிறாருங்க."

"நீங்களா எதையும் சொல்லாதீங்க. பாயசம் வைங்கப்பா!"

வேர்த்து வழிய அந்த மனிதர் பாயசத்தையும் முடித்தார். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

கார்க் கதவுக்கு ஓடினேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நான் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"மிக நன்றாக மொழிபெயர்த்தீர்கள். கொஞ்சம் பொருளாதாரமும் படித்துப் பாருங்களேன். உங்களுக்குப் பிடிக்கும்."

கேலி இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். "படிக்கிறேன் சார்" என்றேன். கார் போய்விட்டது.

"என்ன சார் சொன்னாரு?" என்று தலைவர் ஆவலாகக் கேட்டார்.

"சாப்பாடு பிரமாதமாம்" என்றேன்.

அதற்கப்புறம் எந்தப் பத்திரிகைக்கும் நான் எதையும் அனுப்பவில்லை.