தலைச்சோலைக் குளத்தில் அறுந்த கயிறு

தலைச்சோலையில் ஒரு காப்பி எஸ்டேட் குளத்தின் அடியில் இருக்கிறேன். பம்பு மோட்டார் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. கடலில் சிலிண்டர் கட்டி முங்கிப் பழகியவன் என்பதால், விருந்தாளியாக வந்த நானே எடுத்துத் தருவதாகச் சொன்னேன். கலங்கலில் என் கைகூடத் தெரியவில்லை. யாரோ எப்போதோ விட்டுப்போன மீன்வலை முதுகுச் சிலிண்டரில் மாட்டிக்கொள்கிறது.

மாட்டினால் திமிரக் கூடாது, திரும்பக் கூடாது. அசையாமல் இருந்து கத்தியால் அறுக்க வேண்டும். அசையாமல்தான் இருக்கிறேன். கரையில் பிடித்திருப்பவர் என் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தட்டும் என்று அதை இரண்டு முறை ஆட்டுகிறேன். உடனே மேலிருந்து வெறிகொண்டதுபோல் இழுக்கிறார். வலை கழுத்தை இறுக்குகிறது, சிலிண்டரின் காற்றுக்குழாய் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. வேறு வழியில்லை, என்னைக் கரையோடு கட்டியிருக்கும் அந்தக் கயிற்றையே அறுக்கிறேன். தடவித் தடவிக் குழாயைக் கண்டுபிடித்து வாயில் வைத்த பிறகுதான் வலையை அறுக்க முடிகிறது.

கரையேறுகிறேன். கயிறு பிடித்திருந்த எஸ்டேட் வேலைக்காரர் மாராயி அக்கா அறுந்த நுனியையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"எதுக்குக்கா இழுத்தீங்க?" கத்திவிடுகிறேன்.

"கெணத்துல எறங்குன ஆளு கயித்த ஆட்டுனா தூக்கோணுமுங்க. நீங்க ஆட்டுனீங்க, தூக்குனேன். அப்பறம் வெறுங்கயிறுதானுங்க வந்துச்சு."

ஆட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. என் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவர் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது.