ஒரே தொண்டையில ரெண்டு கொரலு

எங்க நாத்தனாளும் நானும் எத்தினியோ வருசமா ஒரு பாட்டுக்காரன வச்சி சண்ட போட்டுகினு கீறோம். கல்யாண வூட்டு ரேடியோ செட்டுல எல்லாம் அவனோட குரூப்பு பாட்டுதான் ஓடும். ஆம்பள கொரல்லயும் அவனே பாடுவான், பொம்பள கொரல்லயும் அவனே பாடுவான். சொன்னா இவ ஒத்துக்க மாட்டா. "பக்கத்துல ஒரு பொம்பளய நிக்க வச்சிருப்பானுங்க அண்ணி"ன்னுவா. என் பையன் போன்ல போட்டு காட்னான். பாட்டு வருது, ஆளு மூஞ்சி வர்ல, செம்பருத்தி பூ படம்தான் நிக்குது. பூவ காட்டி நான் இன்னாத்த சொல்றது?

நேர்ல பாக்கலாம்னா யோகம் இல்ல. கடப்பாக்கத்துக்கு வந்தாங்க, அன்னிக்கின்னு பாத்து எம் பொண்ணுக்கு வலி எடுத்துச்சி. புள்ளயாவது சீக்கிரம் பொறந்துச்சா, மறுநா மத்தியானம் வரைக்கும் இழுத்தடிச்சிச்சி. மதுராந்தகத்துக்கு வந்தாங்க, மழ வந்து மேடய பிரிச்சிட்டாங்க.

இந்த ஆடியில புதுப்பட்டினத்துல கூழு ஊத்துற திருவிழாவுக்கு அவங்க கச்சேரின்னாங்க. நாத்தனாள இழுத்துகினு சாயங்காலமே போயி மொத வரிசயில குந்திட்டேன். "இன்னிக்கி உன் கண்ணாலயே பாரு"ன்னேன்.

பாட்டு எங்க ஆரம்பிச்சாங்க? பொன்னாட போடுறாங்க, போடுறாங்க, போட்டுகினே கீறாங்க. தண்ணி கேன் குடுத்தவருக்கு ஒண்ணு, பந்தல் போட்டவருக்கு ஒண்ணு, அவரு மச்சானுக்கு ஒண்ணு. எனக்கு பேஜாரா பூட்ச்சி. ஒரு வழியா மேளத்த தட்டி ஆத்தா பாட்டு எடுத்தாங்க. பேர சொல்லி கூப்ட்டதும் நம்ம ஆளுதான் வந்து மைக்க புடிச்சான். சட்டய உள்ள வுட்டுகினு பேங்க்ல வேல செய்றவன் மாதிரி கீறான், சின்னதா தொப்ப, கட்ட மீச.

ஆம்பள கொரல்ல நாலு வரி பாடிட்டு பொம்பள கொரலுக்கு மூச்சு இழுக்கறான். பக்கத்துல நாற்காலி கடகடன்னு ஆடுது. திரும்பி பாத்தா நாத்தனாளுக்கு சாமி வந்துடுச்சி. முடி அவுந்து கெடக்கு, கண்ணு ரெண்டும் மேல சொருவிக்கிச்சி.

"தாயே, இப்பவா வரணும்"னு அவ இடுப்ப கெட்டியா புடிச்சிகினு மேடய பாத்தேன். அவன் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அந்த மீசைக்கு கீழ இருந்து சின்ன பொண்ணு கொரலு வருது. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சி. பாத்தியான்னு கேக்கலாம்னா பக்கத்துல அவ இல்ல, சாமிதான் கீது.

பூசாரி வேப்பிலயோட ஓடியாந்தாரு. ஜனங்க குறி கேக்க சூழ்ந்துகினாங்க. ஒருத்தி பொண்ணு கல்யாணத்த கேட்டா, ஒருத்தரு போர்ல தண்ணி வருமான்னாரு. நானும் கேட்டேன். "தாயே, மேடைல பாடறது ஒருத்தனா, ரெண்டு பேரா?"

பூசாரி மொறச்சாரு. ஆத்தா மொறைக்கல. "ஒருத்தன்தான்டி"ன்னா.

கற்பூரம் காட்டி சாமி மலையேறி, இவ கண்ண முழிக்கறதுக்குள்ள அவன் அடுத்த ஊரு கச்சேரிக்கு வேன் ஏறிட்டான். மேடைல வேற யாரோ பாடிகினு கீறாங்க.

"அந்த ஆளு பாடிட்டானா அண்ணி?"

"பாடிட்டான். ஒருத்தன்தான். உன் வாயாலயே நீ சொன்ன."

"நான் எங்க சொன்னேன்? ஆத்தா சொல்லியிருப்பா." முடிய அள்ளி கொண்ட போட்டுகினே சொல்றா, "நான் பாக்கலயே. பாக்காம எப்டி ஒத்துக்கறது?"

ஷேர் ஆட்டோல அவள பின்னால வுட்டுட்டு நான் டிரைவரு பக்கத்துல குந்திட்டேன். அவ பக்கத்து சீட்டு பொம்பளகிட்ட சொல்லிகினு வர்றா, சாமி வந்தப்பகூட அந்த பாட்டுக்காரி கொரலு மட்டும் காதுல தேனா வுழுந்துச்சாம்.