தலை திருப்பியது, இரண்டு தரம்

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாய்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை; இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி.

சுவிஸில் பீல் நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ரெகுலாவின் பண்ணை வீடு வரும். அயர்லாந்தில் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாய்களை வான் வண்டியில் ஏற்றி வந்து, இங்கே வைத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு நாயோடும் அதன் ஓட்டப் பதிவு ஆங்கிலத்தில் வரும். நான் அதை ஜெர்மனில் எழுதி, நாய் கேட்டு வருபவர்களுக்கு விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்தேன், பத்து வருடம் படிப்பித்தேன், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் தரை துடைத்தேன். படித்த ஆங்கிலத்துக்கு வேலை கொடுத்தவை இந்த நாய்கள்தான். ஒரு முழு வாழ்க்கையை ஒரு படிவத்துக்குள் அடக்கப் பாடுபட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

நாலு சொல்லில் ஒரு நாள்

ஓட்டப் பதிவில் ஒரு பந்தயத்துக்கு ஒரு வரி. தேதி, தூரம், எந்தப் பெட்டியிலிருந்து புறப்பட்டது, எத்தனையாவதாக வந்தது. கடைசியில் நாலைந்து சொல்லில் ஒரு குறிப்பு. "புறப்பாடு மெதுவு. முதல் வளைவில் நெரிசல். கடைசியில் மீண்டது." எங்கோ ஒரு மைதானத்தில் மழையில் நின்று இதை எழுதியவர் யாரென்று தெரியாது. வேண்டாத சொல் ஒன்றுகூட அவர் எழுதவில்லை. நான் பரீட்சைக்குப் படித்த கவிஞர்களில் பாதிப் பேருக்கு அந்த அடக்கம் இருந்ததில்லை.

என் கைக்கு வந்த முதல் பதிவில் முப்பத்துச் சொச்சம் வரிகள் இருந்தன. கடைசி வரி, "வளைவில் நொண்டியது." அதற்குக் கீழே வெறும் வெள்ளை. மிச்சம் பின்பக்கத்தில் இருக்குமென்று தாளைத் திருப்பினேன். அங்கும் ஒன்றுமில்லை. காலையில் கடிகாரத் தொழிற்சாலையிலும் பின்னேரத்தில் இங்கேயும் வேலை செய்கிற யோகன், நாய்ச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மனம் தாளாமல் அவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் குழாயைக்கூடப் பூட்டவில்லை. "உதென்ன ரீச்சர் அதிசயம்? என்ர அகதிப் பெர்மிட் ஃபைலை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. இதைவிடச் சுருக்கம்."

ஒரு செக்கன்

ஓடுவதில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பழக்கம். சிலது உள்வேலியை உரசிக்கொண்டே ஓடும். சிலது யாரும் தன்னைத் தொடாதபடி வெளியே அகன்று ஓடும். பெட்டி திறந்ததும் அம்பாகப் பாய்ந்து, பாதியில் மூச்சுப் போய்விடுவதும் உண்டு. எல்லாரையும் முன்னே விட்டுவிட்டுக் கடைசி நீட்டில் எழும்பி வருவதும் உண்டு. வீட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் போகாது. வேலியோடு ஓடியது சுவரோடு நடக்கும்.

ஓய்வு பெற்ற கடிகாரக்காரர் ஒருவர் வந்தார். அவர் கேட்ட நாய் அநேகமாக எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்தது. நான் அதைப் பக்குவமாகச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, அவர் தாளை வாங்கி, முதலாவதாக வந்ததன் நேரத்தையும் கடைசியாக வந்ததன் நேரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அரை நிமிட ஓட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு செக்கன், அதற்குச் சற்று மேல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "இதைவிடச் சின்னத் துண்டுகளை நாற்பது வருடம் அளந்தவன் நான், அம்மா. அதை வைத்து ஒரு உயிரைக் கழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை."

மேவ்

மேவ் இலையுதிர் காலத்தில் வந்தாள். மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறம். பதிவு மிகச் சிறியது, பத்து வரிகூட இல்லை. பெட்டியிலிருந்து வேகமாக வருவாள், நடுவால் ஓடுவாள், முதல் மூன்றுக்குள் முடிப்பாள். பிறகு ஒரு வரி: "தலை திருப்பியது. வேண்டுமென்றே குறுக்கீடு." ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே வரி. அதற்குக் கீழே முத்திரை: வாழ்நாள் தடை. எனக்கு விளங்கவில்லை. ரெகுலாதான் விளக்கினார். ஓடுகிற நாய் முன்னே இயந்திரம் இழுத்துக்கொண்டு போகும் பொய் முயலை மட்டும்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிற நாயின் பக்கம் முகத்தைத் திருப்பினால் குற்றம். முதல் தரம் எச்சரிக்கை. இரண்டாம் தரத்தோடு எல்லாம் முடிந்தது. திரும்பிப் பார்த்ததற்கு வாழ்நாள் தடையா என்று நான் மூன்று முறை கேட்டேன்.

இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதினேன். ரெகுலா பேனையால் தட்டி, "திருமதி நடராஜா, இந்த இரண்டு வரியும் வேண்டுமா?" என்றார். வேண்டும் என்றேன். சூக் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மேவ் அந்த வீட்டுத் தாயின் மேல் சாய்ந்து நின்றாள். இந்த நாய்கள் பிரியத்தை அப்படித்தான் காட்டும். அவர் ஒரு கையால் அவளைத் தடவிக்கொண்டே மறு கையில் என் தாளை வாசித்தார். தடவிய கை நின்றுவிட்டது. கடித்ததாக எங்கும் பதிவில்லை என்று நான் சொன்னேன். அவர் மிக மரியாதையாகப் பதில் சொன்னார்: "ஆனால் 'வேண்டுமென்றே' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் நேர்மைக்கு நன்றி."

கூரிலிருந்து இருவர்

நாய் கேட்டு எங்கள் ஆட்கள் வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கிருபா கூர் நகரில் ஆஸ்பத்திரித் தாதி, இங்கேயே பிறந்தவள். தாய் போன பிறகு தகப்பன் சிவபாதம் பகல் முழுக்க வீட்டில் தனியே. அவருக்காகத்தான் அவள் நாய் தேடினாள். அவரோ வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கஜம் தள்ளி நின்றார். "குலைக்குமோ?" "இல்லை ஐயா, இது குலைக்காது." "குலைக்காத நாயை என்னத்துக்குப் பிள்ளை வளர்க்கிறது?" கிருபா சிரித்தாள். "நீங்கள் கதையுங்கோ அப்பா, அது கேட்டுக்கொண்டிருக்கும். அதுக்குத்தான்." மேவ் போய் அவருடைய முழங்காலில் சாய்ந்தாள். அவர் வேலியை விடவில்லை. ஆனால் காலை இழுக்கவுமில்லை.

பிறகு, "கடதாசியைக் காட்டுங்கோ" என்றார். ஜெர்மனை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவர் முத்திரையில் நின்றார். "வாழ்நாள் தடையோ? சும்மா போடுவாங்களே?" கிருபா சொன்னாள், "அப்பா, அது நாய். ஆள் கடத்தேல்லை." "உனக்குத் தெரியாது. பேப்பரில எழுதினால் எழுதினதுதான். நாளைக்கு ஒண்டு நடந்தால் பொலிஸ் முதல் இதைத்தான் கேக்கும்." மூன்று ரயில் மாறி வந்தவர்கள் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்கள். கிருபா மட்டும் வாசல் படலையடியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நடக்கும்போது யோகன் சொன்னார். "வெள்ளைக்காரரைப் பயப்பிடுத்தினது பரவாயில்லை ரீச்சர். எங்கட ஆக்களுக்குப் போய்ப் பேப்பரைக் காட்டினீங்கள் பாருங்கோ!"

வெட்டச் சொன்ன இரண்டு வரி

மாசி மாதம் ரெகுலா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனி புதிய வான் வண்டி வருகிறது, எட்டு நாய். இடம் இல்லை. அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் மேவ் எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய காப்பகத்துக்குப் போக வேண்டும். நான் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாகக் கூடு, நாள் முழுக்கக் குரைப்பு. ஒரு சட்டி விழுந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற மேவ் அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டாள். "அந்த இரண்டு வரியையும் வெட்டுங்கள். கூருக்கு நான் பேசுகிறேன்," என்றார்.

நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் அகதி விசாரணையில், ஊரில் என்னை இராணுவ முகாமில் மூன்று நாள் வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. மொழிபெயர்க்க இருந்தவன் என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுப் பொடியன். எனக்கு வெட்கம். இரண்டாவது விசாரணையில் சொன்னேன். முடிவுக் கடிதத்தில், "பின்னர் சேர்க்கப்பட்டது, நம்பத்தக்கதல்ல" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை மாற்ற நாலு வருடம் போனது. அன்றிலிருந்து எந்தத் தாளிலும் நான் ஒன்றையும் விடுவதில்லை. இப்படிப்பட்ட கடிதம் ஒன்று உங்களுடைய மேசை லாச்சியிலும் கிடக்கக்கூடும். அப்படியென்றால் நான் சொல்வது விளங்கும். ரெகுலா தீன் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், அவருக்கு இது தெரியாது. பிறகு சொன்னார். "சரி, வெட்ட வேண்டாம். ஆனால் உங்களுக்கு இரண்டாவது விசாரணையாவது கிடைத்தது. மேவுக்கு அது கிடையாதா?"

அரை நிமிடப் படம்

ஓட்டங்களைப் படம் பிடித்து வைப்பார்களாம். ரெகுலா கணினியில் தேடி எடுத்தார். யோகனையும் கூப்பிட்டு மூன்று பேரும் பார்த்தோம். வெள்ளைச் சட்டையில் மேவ், வெளிப்பக்கத்தில் செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு நாய். இரண்டாவது வளைவில் மேவின் முகம் முயலை விட்டு வலப்பக்கம் திரும்புகிறது. இடிக்கவில்லை. செம்மஞ்சள் பிந்துகிறது, மேவும் பிந்துகிறாள். செம்மஞ்சள் முந்துகிறது, மேவும் முந்துகிறாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை நுழையாத இடம், கடைசிவரை அது கூடவுமில்லை, குறையவுமில்லை. அடுத்த படத்தில் சட்டை நிறங்கள் வேறு. மிச்சமெல்லாம் அதேதான்.

யார் அந்த மற்ற நாய்? பந்தயப் பட்டியலில் பெயருக்குக் கீழே தாயும் தகப்பனும் பிறந்த நாளும் போட்டிருக்கும். அதே தாய், அதே தகப்பன், அதே நாள். இரண்டு படத்திலும் ஒரே நாய், மேவின் சகோதரி. மற்ற ஓட்டங்களையும் சரிபார்த்தேன். ஒன்றிலும் சகோதரி இல்லை, ஒன்றிலும் மேவ் தலை திருப்பவில்லை. பிறகு சகோதரியின் பதிவைத் திறந்தோம். மேவுக்குத் தடை விழுந்து மூன்று கிழமையில் அதன் கடைசி வரி: "முதல் வளைவில் விழுந்தது. ஓட்டத்தை முடிக்கவில்லை." அதற்குக் கீழே வெள்ளை. ரெகுலா எழும்பி யன்னலடிக்குப் போனார். யோகன் மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "முதல் படத்தை இன்னொருக்காப் போடுங்கோ ரீச்சர். நான் ஒரு இடத்திலயும் பல்லைக் காணேல்லை."

சட்டைப்பையில் தாள்

ஒரு வரியையும் வெட்டவில்லை. கீழே மூன்று வரி சேர்த்தேன். இரண்டு ஓட்டத்திலும் பக்கத்தில் ஓடியது இதன் சகோதரி. வேறெந்த ஓட்டத்திலும் இது தலை திருப்பவில்லை. சகோதரியின் பதிவு முதல் வளைவில் முடிகிறது. அதைக் கிருபாவுக்கு அனுப்பினோம். திங்கள் பதில் இல்லை. புதனும் இல்லை. வியாழக்கிழமை ரெகுலா காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்து இடம் சொல்லி வைத்தார். நான் மேவின் போர்வையைத் தோய்த்துக் காயப்போட்டேன், அங்கே கொடுத்துவிட.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படலையில் சிவபாதம் நின்றார். மகள் இல்லை, தனியே. கையில் நாய்க்குப் புதுக் கழுத்துப்பட்டி, கடையின் விலைத்துண்டு இன்னும் தொங்கியது. சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து விரித்தார். "ரீச்சர், உந்த மூண்டு வரி நீங்கள் சும்மா எழுதினதோ, பதிவில இருக்கோ?" பதிவைக் காட்டினேன். பட்டியலைக் காட்டினேன். படத்தையும் போட்டேன். அரை நிமிடம் முடிந்து திரை கறுத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேவ் வந்து காலில் சாய்ந்தபோது பிடிக்க வேலி இல்லாததால் அவளுடைய முதுகைப் பிடித்துக்கொண்டார். அன்று தடையைப் பற்றிப் பயத்தோடு கேட்ட அதே குரலில் கேட்டார்: "இதுக்கோ ரீச்சர் தடை? சகோதரம் பக்கத்தில ஓடேக்க, பாக்காமல் எப்பிடி ஓடுறது?"

மேவ் கூருக்குப் போன பிறகு ரெகுலா எந்த வரியையும் வெட்டச் சொல்வதில்லை, ஒரு நாய்க்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நானும் எழுத்தை வரவரச் சின்னதாக்கிக்கொண்டு, கண்டிப்பாக ஒரு பக்கத்துக்குள்ளேயே எழுதி வருகிறேன்.