இரண்டு கட்டில் உள்ள அறை

என் தங்கை மகளுக்குச் செஞ்சியில் கல்யாணம். சேலத்திலிருந்து நானும் கணவரும் போகவேண்டும். சிங்கவரத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. ஆனால் முந்தின நாள் அங்கே கூடத்திலிருந்து மாடிப்படி வரைக்கும் பாய் விரித்து உறவுக்காரர்கள் படுத்திருப்பார்கள். அங்கே தங்கவே முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். கூட்டத்துக்குப் பயந்து இல்லை. என் கணவர் தூக்கத்தில் அடிப்பார்.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்பைத் தொட்டதே இல்லை என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று ஆரம்பித்தது. கனவில் யாரோ துரத்துவார்கள், நாய் பாயும், இவர் கத்திக்கொண்டே கையையும் காலையும் வீசுவார். கண் மூடியே இருக்கும். எழுப்பினால் குழந்தை மாதிரி விழிப்பார். டாக்டர், கனவில் நடப்பதை உடம்பும் சேர்ந்து செய்துவிடுகிறது என்றார். மாத்திரை எழுதினார். தனித்தனிக் கட்டிலில் படுங்கள், பக்கத்தில் கண்ணாடிச் சாமான் வைக்காதீர்கள் என்றார். மாத்திரைக்குக் கொஞ்சம் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

வீட்டில் இரண்டு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டோம். வெளியூர்தான் பிரச்சினை. "யார்கிட்டயும் சொல்லாதே, பொண்டாட்டிய அடிக்கிறவன்னு பேராயிடும்" என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அதனால் கைப்பேசியில் நானே அறை தேடினேன். திண்டிவனம் சாலையில் ஒரு விடுதி, நல்ல தள்ளுபடியில் கிடைத்தது. படத்தில் வெள்ளை விரிப்போடு இரண்டு கட்டில்கள் தள்ளித்தள்ளி இருந்தன. அவசரத்தில் பணம் கட்டிய பிறகுதான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: ஒரு இரட்டைக் கட்டில் அல்லது இரண்டு ஒற்றைக் கட்டில். ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. விருப்பத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. 'இரண்டு கட்டில் கட்டாயம் வேண்டும்' என்று எழுதினேன். விடுதிக்குத் தெரிவித்துவிட்டோம், உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மறுநாள் விடுதிக்கே போன் செய்தேன். எடுத்தவர், "வாங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார். அந்த 'பாத்துக்கலாம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு சம்பவம். அசதியில் அவர் கட்டிலிலேயே ஒரு ஓரமாகக் கண்ணயர்ந்துவிட்டேன். அவர் முஷ்டி என் இடது கண்ணுக்குக் கீழே விழுந்தது. கன்னம் ஊதா நிறமாகக் கன்றிப்போனது. கல்யாணத்துக்குப் போகவேண்டுமே என்று பவுடரை அப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். திருவண்ணாமலையில் வண்டி மாறி, செஞ்சியில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. சித்திரை வெயிலில் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே விடுதிக்குள் நுழைந்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் நான் போனில் பேசிய ஆள் இல்லை. பதிவைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். மாடி ஏறிக் கதவைத் திறந்தால், அறை நடுவில் அகலமாக ஒரே கட்டில். ஒருவேளை இரண்டைச் சேர்த்துப் போட்டிருப்பார்களோ என்று மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே பெட்டியாகச் செய்து சுவரோடு ஆணி அடித்திருந்தது. கணவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "திரும்பிப் போயிடலாமா?" என்றார்.

கீழே வந்து அந்த ஆளிடம் கேட்டேன். கணவரும் பின்னாலேயே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"தள்ளுபடில போட்டவங்களுக்கு மிச்சம் இருக்கிற ரூம்தாம்மா வரும். ரெண்டு கட்டில் ரூமெல்லாம் கல்யாண பார்ட்டிக்குப் பூடுச்சு."

"நான் எழுதியிருக்கேனே. போன்லயும் சொன்னேனே."

"எழுதலாம்மா. ரூம் இருந்தாதான குடுக்கறதுக்கு?"

"ஒரு மெத்தையாவது தாங்க. கீழ போட்டு நான் படுத்துக்கறேன்."

"அதுவும் காலி. நீங்க புருசன் பொஞ்சாதிதான? இன்னாத்துக்கு ரெண்டு கட்டில்?"

பதில் சொல்ல வாய் திறந்தபோது பின்னாலிருந்து, "அதான், இன்னாத்துக்கு?" என்று குரல் கேட்டது. அண்ணன். நாங்கள் வந்து சேர்ந்ததைக் கேள்விப்பட்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட மண்டபத்துக்கு அழைத்துப்போக வந்திருந்தார். நாங்கள் சமணர்கள், இருட்டினால் சாப்பாடு கிடையாது. சிரித்துக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கைக்குட்டையைப் பார்த்தேன். பவுடர் மொத்தமும் அதில்தான் இருந்தது.

என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போனார்.

"கண்ணுக்குக் கீழ இன்னா அது?"

"இடிச்சிக்கிட்டேண்ணா."

"எதுல?"

சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒரு நொடித் தயக்கமே போதுமாக இருந்தது அவருக்கு.

"மாப்ள அடிக்கிறாரா? அதான் தனியா படுக்கணும்னு அந்த ஆளுகிட்ட கெஞ்சிக்கினு நிக்கிறியா? நைனா இருந்தா இத்தப் பாத்துட்டு உயிரோட இருந்திருப்பாரா?"

"இல்லண்ணா, அப்படி இல்ல" என்றேன். வேறு எப்படி என்று சொல்ல முடியவில்லை. அவருக்குச் செய்து கொடுத்த சத்தியம் தடுத்தது.

அண்ணன் கடலைக்கொல்லையில் இன்னும் தன் கையால் வேலை செய்கிறவர். அகலமான உடம்பு. நான் தடுப்பதற்குள் சோபாவில் உட்கார்ந்திருந்த என் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிவிட்டார். "இந்த வயசுல பொம்பள மேல கை வெக்கிறீங்களே, நீங்கல்லாம் வாத்தியாரா?" கல்யாணத்துக்கு வந்து இறங்கிய இரண்டு குடும்பங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

அவர் அண்ணன் கையைத் தள்ளிவிடவில்லை. "நான்தான் அடிச்சேன் மச்சான்" என்றார். "தூக்கத்துல. எனக்கே தெரியாம."

"தூக்கத்துல எவனாச்சும் அடிப்பானா?"

நான் பைக்குள் கையை விட்டு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலக் கிறுக்கல். அவருக்கு அது எதையும் சொல்லவில்லை. சட்டையை மட்டும் விட்டார்.

"சரி. இன்னிக்கி நீ நம்ம ஊட்டுக்குப் போயிடு. மாப்ள கூட நான் படுத்துக்கிறேன். எப்பிடி அடிக்கிறாருன்னு பாக்கறேன்."

"வேணாம் மச்சான், அடிபட்டுடும்" என்றார் இவர்.

"என்னையா? பாத்துடலாம்" என்றார் அண்ணன். இவர் எச்சரித்தது மிரட்டலாகவே அண்ணன் காதில் விழுந்திருக்கிறது என்று அவர் முகம் சொன்னது.

மண்டபத்தில் இலை முன்னால் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் ஆண்கள் வரிசையில் கடைசியில், யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரோடு தனியாக ஒரு வார்த்தை பேசக்கூட வழியில்லை. அண்ணன் அவரைவிட்டு நகரவே இல்லை.

சிங்கவரத்துக்குப் போகிற வண்டியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது தினமும் வருவதில்லை. வாரத்துக்கு ஒருநாள், சில சமயம் பத்து நாளைக்கு ஒருநாள். இன்று அவர் அமைதியாகத் தூங்கிவிட்டால்? நாங்கள் இருவரும் சேர்ந்து பொய் சொன்னோம் என்றுதான் அண்ணன் முடிவு கட்டுவார். பெரியவர்களைக் கூட்டிப் பேசுவார். கல்யாண வீட்டிலேயே என் கணவர் பேர் போய்விடும். இரண்டு வருஷமாக 'இன்றைக்கு வரக்கூடாது' என்று கும்பிட்டுவிட்டுப் படுத்தவள் நான். அன்று, அவர் கை ஓங்கவேண்டும் என்று கும்பிட்டேன். என் அண்ணனுக்கு அடிபட வேண்டும் என்று. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விடிந்ததும் முதல் வண்டியில் விடுதிக்குப் போனேன். கதவைத் தட்டியபோது உள்ளே சத்தமே இல்லை. இரண்டாம் முறை தட்டினேன். அண்ணன் திறந்தார். மேல் உதடு வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பேசும்போது உதடு ஒத்துழைக்கவில்லை.

"'புடி, கெணத்துல உழப்போறான் புடி'ன்னு கத்துனாரும்மா. எவனோ படிக்கிற பையன் போலக்குது. நான் எந்திரிக்கிறதுக்குள்ள உட்டாரு ஒண்ணு. கண்ணு தொறக்கவே இல்ல. மூடிக்கினே இருந்திச்சு." வீங்கின உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எழுப்பி சொன்னேன். என் காலத் தொட வந்துட்டாரு. அது மட்டும் எனக்குத் தாங்கல."

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? அதுக்கப்புறம் தூங்கவே மாட்டேன்னு நாக்காலில போயி குந்திக்கினாரு. நானும் குந்திக்கினேன்."

அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த வார்த்தை வராது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் சபை நிறைந்து நிற்கையில், கடைசி வரிசையில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேடையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். விடுதி வாசலில் நேற்று வேடிக்கை பார்த்த இரண்டு குடும்பமும் முன்வரிசையில்தான் இருந்தது. அண்ணன் உதட்டையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கல்யாணம் முடிகிற வரைக்கும் இவர் அண்ணனிடம் பேசவில்லை. சட்டையைப் பிடித்தது அவ்வளவு சுலபமாக ஆறாது. பஸ் நிலையத்துக்கு அண்ணன்தான் எங்கள் பையைத் தூக்கிவந்தார். திருவண்ணாமலை வண்டி வந்து நின்றது. இவர் ஏறுவதற்கு முன் திரும்பினார்.

"உதட்டுக்கு மஞ்சள் எதுவும் வெக்காதீங்க மச்சான். டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்றேன் மாப்ள" என்றார் அண்ணன். "நீங்க அந்த மாத்திரைய உட்டுறாதீங்க."

இப்போதெல்லாம் நான் தள்ளுபடி பார்ப்பதை விடவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே விடுதிக்குப் போன் செய்து, என் கணவருக்குத் தூக்கத்தில் கை கால் வீசும் வியாதி, இரண்டு கட்டில் உள்ள அறை எண்ணைச் சொன்னால்தான் பதிவு செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது இவர் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு, "தரைத்தளத்துல இருக்கான்னு கேளு, முட்டி வலிக்குது" என்றார்.